வாயால் என்றுதான் எழுதியிருக்கிறது

"விசுவாசத்தை வாயால அறிக்கை பண்ணணும்னுதான் வேதத்துல எழுதியிருக்கு. கையாலன்னு எங்கேயும் எழுதலை" என்றார் போதகர்.

அக்கா நீதிமன்றத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கைப்பையைக்கூட மடியிலிருந்து இறக்கவில்லை. வியாழக்கிழமை, மாலை நாலரை மணி. ஆலயத்தை ஒட்டிய அலுவலக அறையில் மொத்தம் மூன்றே நாற்காலிகள். போதகர் ஒன்றில், சபைச் செயலாளர் ஒன்றில், அவள் ஒன்றில். மேஜைமேல் ஒரு பட்டியல் கிடந்தது. வரும் ஞாயிறு சபையில் சேர்ந்து, முதன்முறையாகத் திருவிருந்தில் அப்பம் வாங்கப்போகிற ஐந்து பேரின் பெயர்கள். ஐந்தாவது பெயரின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

அது அவளுடைய தங்கையின் பெயர்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய்ப்பேச்சும் வராது. கை மட்டும் ஓயாது. வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பட்டாசு. தகர டப்பா ஆலையில் அச்சு இயந்திரத்தில் வேலை. அங்கே அடிக்கிற இரைச்சலில் யார் காதிலும் எதுவும் விழாது என்பதால், மேஸ்திரி உட்பட அத்தனை பேரும் அவளிடம்தான் சைகை கற்றுக்கொண்டிருந்தார்கள். "அங்க நான்தான் சரளமாப் பேசுறவ. அவங்க எல்லாம் திக்குவாய்" என்று கையாலேயே நக்கலடிப்பாள்.

அக்காவுக்கு அந்தச் சைகைதான் பிழைப்பு. வழக்குக்கு வரும் காது கேளாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதே வேலையை ஆலயத்தில் சம்பளமில்லாமல் செய்வாள். பிரசங்கபீடத்துக்குக் கீழே அவளுக்கு ஒரு முக்காலி, எதிரே ஒரு பெஞ்சு, அதில் தங்கை போக, காது கேளாதவர்கள் ஒன்பது பேர்.

"பழைய போதகர் இதையெல்லாம் பார்க்கலையே, ஐயா."

"அதனாலதான் சபை இப்படி இருக்கு." போதகர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கெட்ட மனிதர் இல்லை. யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் கொட்டும் மழையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நிற்பவர். "இன்னைக்கு ஒரு வார்த்தையை இளக்கிவிட்டா, நாளைக்கு அடுத்ததை எந்த முகத்தோட இறுக்கிப் பிடிக்கிறது? ஆண்டவர் உயிர்த்தெழுந்து கல்லறை காலியா இருந்ததே சும்மா ஒரு கதைம்பாங்க. எங்க போய் நிறுத்துவீங்க, சொல்லுங்க?"

நியாயமான கேள்விதான். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"போன வாரம் கோர்ட்ல ஒரு பொண்ணு, ஐயா. 'உங்க அண்ணன் உங்களைக் கைகழுவிட்டார்'னு வக்கீல் சொன்னார். எழுத்துக்கு எழுத்து நான் காட்டியிருந்தா, சோப்பு எங்கேன்னு கேட்டிருப்பா. அர்த்தத்தைக் காட்டினேன். உடைஞ்சு போய் அழுதா. நான் சொன்னது பொய்யா, உண்மையா?"

செயலாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். போதகர் சிரிக்கவில்லை.

"கோர்ட் வேற, வேதம் வேற. வேதத்துக்கு உங்க விளக்கம் தேவையில்லை. எழுதினது எழுதினபடி."

"கேக்குறதாலதான் விசுவாசம் வரும்னும் எழுதியிருக்கே. அந்த பெஞ்சுல ஒன்பது பேர் இருக்காங்க. எழுந்து போங்கன்னு நானே சொல்லிடட்டுமா?"

போதகர் சிவப்புப் பேனாவை மேஜைமேல் உருட்டினார்.

செயலாளர்தான் நடுவில் புகுந்தார். "மோசேக்கு நாக்கு புரளலைன்னு அவர் அண்ணன் வாயா நிக்கலையா, ஐயா? இங்க அக்கா வாயா இருக்கட்டும். தங்கச்சி சும்மா முழங்கால் போடட்டும். எழுத்துக்கும் பங்கமில்லை, நமக்கும் தலைவலி இல்லை."

போதகர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சிவப்புக் கோட்டுக்கு மேலே 'அக்கா வாயால்' என்று எழுதினார். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்குப் போனதும் அந்த அப்பாடா காணாமல் போனது.

"எனக்குப் பசிச்சா நீ சாப்பிடுவியா?" பட்டாசு ஈரக்கையை உதறிவிட்டுக் கேட்டாள்.

"ஒரே ஒரு நிமிஷம்டி. அனுசரிச்சுப் போயேன்."

"இருபத்துநாலு வருஷமா நான் ஊமையா இருந்ததில்லை. அவருக்காக ஒரு நிமிஷம் இருக்கச் சொல்றியா?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, என்னதான் பண்ணப்போறே?"

"நான் பேசுவேன். நீ கையைக் கட்டிக்கிட்டு உட்காரு. அவருக்குத்தான் விளக்கம் வேணாமாமே."

ஞாயிறு. முந்நூறு பேர். ஐந்து பேர் வரிசையாக முழங்காலிட்டார்கள். முதல் நால்வரும் வாயால் அறிக்கை சொன்னார்கள். நான்காவது ஆள் டப்பா ஆலை மேஸ்திரி. போதகர் முக்காலியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

பட்டாசின் கைகள் எழுந்தன. விரல்கள் நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, காற்றைக் கிழித்து இறங்கின.

"என்ன சொல்றா?" போதகர் குரலைத் தாழ்த்தினார்.

"விளக்கம் வேணாம்னு சொன்னீங்களே, ஐயா."

"பேச்சு அப்படி இல்லையேம்மா."

"நான் ஒத்துக்கிட்டேன். அவ ஒத்துக்கலை."

போதகரின் காது சிவந்தது. அப்பத் தட்டை எடுத்தார். நான்கு உள்ளங்கைகளில் வைத்தார். ஐந்தாவது உள்ளங்கை நீட்டியபடியே இருக்க, அதைத் தாண்டிப் பீடத்தை நோக்கித் திரும்பினார்.

பட்டாசு கையை மடக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"ஐயா" என்றார் மேஸ்திரி. அப்பம் அவர் கையில் அப்படியே இருந்தது. "எனக்கு விளங்கிச்சு. அவளுக்கு இல்லாம என் தொண்டையில இது இறங்காது."

பக்கத்தில் இருந்த மூவரும் வாய்வரை கொண்டுபோன கையைக் கீழே இறக்கினார்கள். ஒன்பது பேரும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்கள்.

போதகர் தட்டோடு நின்றார். "என்ன சொன்னா?" இந்த முறை மேஸ்திரியிடம் கேட்டார்.

"'நான் ஒரு வார்த்தைகூட காதால கேட்டதில்லை. ஆனா விசுவாசிக்கிறேன்.' அதுவரைக்கும் பிடிச்சேன், ஐயா. அப்புறம் வேகமாப் போயிட்டா."

எங்கோ பின்வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. போதகரின் பார்வை முக்காலிக்கு வந்தது. அக்கா தங்கையைப் பார்த்தாள். சொல்லு என்று அவள் தலையசைத்தாள்.

"மீதி இதுதான், ஐயா. 'வாய் வேணும்னா குடுத்தவர்கிட்ட கேளுங்க. எனக்கு அவர் கையைத்தான் குடுத்தார்.'"

போதகர் திரும்பி வந்து, நீட்டியிருந்த கையில் அப்பத்தை வைத்தார். சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவருக்கு உறைத்தது. மறுபடி முக்காலியைப் பார்த்தார்.

"விளக்கம் வேணுமா, ஐயா?"

"வேணும்" என்றார், பல்லைக் கடித்தபடி.

அக்கா கோத்த விரல்களைப் பிரித்தாள். அர்த்தத்தைக் காட்டினாள். ஐந்து பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஆராதனை முடிந்து வாசலில் போதகர் அவளை நிறுத்தினார். "இது இதோட முடியலைம்மா. வியாழக்கிழமை வாங்க, பேசணும்."

"வர்றேன், ஐயா. அவளும் வருவா" என்றாள் அக்கா. "நாலாவதா ஒரு நாற்காலி போட்டு வையுங்க."