ப்ராசரின் தட்டில் வைத்த கசடு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு பகையை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். கேட்டால் பழசை விடு என்கிறார்கள். தீப்புண் பட்டது அவர்கள் தோலாக இருந்தால் தெரியும்.

எங்கள் ஊர் ஆற்றோரம் எஃகு ஆலை இருந்த இடத்தில் இப்போது புல் முளைத்திருக்கிறது. பழைய வாசலில் ஒரு கல் இருக்கை போட்டு, எம்லின் ப்ராசர் பேரைப் பொறிக்கப்போவதாகச் சொன்னார்கள். ப்ராசர் எங்களுக்கு உலை மேஸ்திரி. என் தம்பி வாசிலின் இடது கன்னமும் இடது கையும் வெந்துபோனது அவன் உலையில்தான்.

அன்று தாதை உருக்கும் ஊதுலையிலிருந்து இரும்புக் குழம்பு வருவதற்குத் தாமதமாகிவிட்டது. ப்ராசரின் உலையில் போட்டிருந்த பழைய இரும்பு சும்மா கிடந்து தீயில் வறுபட்டது. தீயோடு வரும் காற்று இரும்பைத் தின்றுவிடும். அது அத்தனையும் துருவாகி, துரு உருகி, கசடாக மேலே மிதக்கும். அப்படிப்பட்ட கசடின் மேல் குழம்பை மொத்தமாகக் கவிழ்க்கக் கூடாது. குழம்பில் இருக்கும் கரியும் கசடில் இருக்கும் துருவும் சேர்ந்தால் வாயு பொங்கும். பால் பொங்குவது மாதிரி இல்லை, பீரங்கி மாதிரி.

ப்ராசர் கவிழ்க்கச் சொன்னான். மற்ற ஷிப்டை முந்த வேண்டும் என்ற வெறி. கதவு வழியாகக் கசடு எகிறியபோது கதவருகே நின்றவன் வாசில். விசாரணையில் ப்ராசர் என்ன சொன்னான் தெரியுமா? வாசில் பனிக்கட்டி ஒட்டிய இரும்பை உள்ளே போட்டுவிட்டான், அந்தத் தண்ணீர்தான் வெடித்தது என்றான். குளிர்காலம், எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து என் தம்பிக்கு ஊரில் பேர் 'பனிக்கட்டி வாசில்'. மதுக்கடையில் அவன் உட்கார்ந்தால், "இவனுக்கு ஐஸ் போடாதீங்கப்பா, வெடிச்சுரும்" என்பார்கள். அவனும் சிரிப்பான். பாதி முகம்தான் சிரிக்கும்.

உலைக்காரர்கள் கசடைக் கரண்டியில் மொண்டு சின்ன அச்சில் ஊற்றிப் பார்ப்பார்கள். ஆறினால் அப்பம் மாதிரி வரும். அதன் நிறத்தையும் சுருக்கத்தையும் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று மேஸ்திரி சொல்லிவிடுவான். ப்ராசருக்கு ஒரு பழக்கம்: அது இறுகும் முன் கம்பி நுனியால் ஓரத்தில் இரண்டு கோடு கிழிப்பான். தான் பார்த்துவிட்டதற்கு அடையாளம். அன்றைய அப்பத்தைப் பக்கத்து உலையில் வேலை பார்த்த நான் ஓடிப்போய் எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றே அதைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரிடம்? விசாரணை மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் ப்ராசரோடு மீன் பிடிக்கப் போகிறவர்கள். கொடுத்திருந்தால் அது ஆற்றில் கிடந்திருக்கும்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயில் கூடத்தில் பீரோகி விற்பார்கள். உருளைக்கிழங்கை மாவில் பொதிந்து வேகவைத்து, வெங்காயமும் வெண்ணெயும் ஊற்றித் தருவார்கள். ஊரே மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வரும். ப்ராசரும் வருவான், அவன் வேறு சபைக்காரன் என்றாலும். நான் போனபோது அவன் எதிரில் வாசிலே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த ஓல்கா சபோல் என்னைப் பார்த்து, "என்ன மெட்ரோ, மூஞ்சியில புளிச்ச கோஸ் வடியுது? உக்காரு, சூடா இருக்கு," என்றாள்.

"சாப்பிட வரல," என்றேன். கைக்குட்டையை அவிழ்த்து, அன்று எடுத்து வைத்த கசடு அப்பத்தை ப்ராசரின் தட்டு ஓரத்தில் வைத்தேன்.

"பாஸ், இது நம்ம காலத்துச் சமாச்சாரம். உங்கள மாதிரி படிக்கறதுக்கு இங்க ஆள் இல்ல. சொல்லுங்க."

கிழவனுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் புகழ்ச்சிக்குக் காது நன்றாகக் கேட்டது. கையை மேசை விரிப்பின் தொங்கிய ஓரத்தில் துடைத்துக்கொண்டு எடுத்தான். உடைந்த பக்கத்தை நகத்தால் கீறினான். மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சுருக்கமே இல்ல. கண்ணாடியாட்டம் இருக்கு. கறுப்பா?"

"கறுப்புதான்."

"அப்ப முழுக்கத் துருதான். இரும்ப ரொம்ப நேரம் வறுத்துருக்கானுங்க."

"இது மேல குழம்ப மொத்தமா கவுத்தா?"

ப்ராசர் சிரித்தான். "எந்த மடையன் கவுப்பான்? மொதல்ல கரி போட்டுக் கசட அடக்கணும். இல்லன்னா நூலு மாதிரி ஊத்தணும். கவுத்தான்னா கதவு வழியா எல்லாம் வெளிய வந்துரும்."

"பனிக்கட்டி வேணாமா பாஸ்? பனிக்கட்டி இல்லாமயே வெடிக்குமா?"

கூடத்தில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. வாசில் தலையைக் குனிந்துகொண்டான். ப்ராசரின் விரல் கசடின் ஓரத்துக்குப் போனது. அந்த இரண்டு கோடுகளில் நின்றது. திரும்பத் திரும்ப அதிலேயே தடவியது. அவன் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது அதற்குத்தான். நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"ஓரத்துல என்ன இருக்குன்னு சத்தமா சொல்லுங்க," என்றேன்.

"என் கோடு," என்றான்.

"அந்த மடையன் யாரு?"

"நாந்தான். பனிக்கட்டி எதுவும் இல்ல. நான் சொன்னது பொய்." பிறகு எதிரில் திரும்பி, "வாசில், பொய் சொல்லிட்டேன்டா," என்றான்.

இங்கேதான் எனக்குப் புரியாதது நடந்தது. காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். ஒருவன் எழுந்து வந்து ப்ராசரின் தோளைத் தட்டினான். இந்த வயதில் ஒத்துக்கொள்ளப் பெரிய மனசு வேண்டும் என்றான். இன்னொருவன் கைதட்டினான். ஓல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தட்டில் இன்னும் இரண்டு பீரோகி வைத்தாள். என் தம்பிக்கு வைக்கவில்லை.

"அப்ப அந்தக் கல் இருக்கை?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் மெட்ரோ. இப்பதான் அவருக்கு அது பொருந்துது," என்றான் தோளைத் தட்டியவன்.

வாசில் எழுந்து என் கையைப் பிடித்தான். வெந்த கை, விரல்கள் முழுதாக மடங்காது.

"அண்ணே, அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இனிமே எவனும் என்னை பனிக்கட்டின்னு கூப்பிட மாட்டான். எனக்கு இது போதும். விட்டுரு."

"உனக்குப் போதும்டா. அவனுக்குப் போதுமா? இப்படி மாட்டுனதாலதான சொன்னான். இல்லன்னா சொல்லியிருப்பானா?"

ப்ராசர் குனிந்தபடி சொன்னான்: "சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன் மெட்ரோ."

"நெனச்சீங்களா? அன்னைக்கு என்ன சொன்னீங்க? கசடு அமைதியா இருக்கு, கவுத்துங்கடான்னீங்க."

தட்டிலிருந்து கசடை எடுத்து வெண்ணெயைத் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். வாசில் அதை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். கொடுக்கவில்லை. மேலே ஒரு குமிழ்கூட இல்லாமல் படுத்திருக்கும் கசடை ஒருநாள் நம்பினோம். அதன் பலன் என் தம்பியின் முகத்தில் இருக்கிறது.

உள்ளே மறுபடி முள்கரண்டிகள் சத்தம் போடத் தொடங்கின. யாரோ எதற்கோ சிரித்தார்கள். வாசிலின் சிரிப்பும் அதில் கேட்ட மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் நடந்தேன்.