ஸ்வாதி நட்ட ஐரிஸ்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. மகளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன மறுநாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போதே என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். "அந்தச் செடியப் பிடுங்கி எறியுங்க! கொட்டுற மழையில நனைஞ்சு நனைஞ்சு நட்டாளே, அதனாலதானுங்க காய்ச்சல் வந்துச்சு. இனி அந்தப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன். சாமி சத்தியம்!" அவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். டெங்குவுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு என்னிடம் யார் சொல்லியிருக்க முடியும்?

ஆவடியில் எங்களுக்கு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். வீட்டுக்காரர் நடேசன் அங்கே ஃபிட்டர். ஒரே பெண் ஸ்வாதி, வேலப்பன்சாவடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். குன்னூருக்கு டூர் போனபோது யாரோ ஒரு தோட்டக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஐரிஸ் கிழங்கு ஒன்றை வாங்கி வந்து பின்பக்கம் நட்டாள். இஞ்சி மாதிரி கிழங்கு, நீட்டு நீட்டாக இலை. "என்ன கலருடி பூக்கும்?" என்று கேட்டேன். "பூத்தா பாத்துக்கோ" என்று சிரித்தாள். அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பாழாய்ப்போன அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பூ என்ன நிறம் என்று பார்த்துவிட்டால் போதும், அவளிடம் கடைசியாகக் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் வேலைக்குக் கிளம்பியதும் ஒருநாள் பின்கதவைத் திறந்தேன். கிழங்கு பாதிக்குமேல் வெளியே தெரிந்தது. நான் ஈரோட்டுப் பக்கம், மஞ்சள் காட்டுக்காரி. கிழங்கு வெளியே தெரிந்தால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது, மண் அணைத்துவிட்டுத்தான் மறு வேலை. அணைத்துத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவரிடம் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் சத்தியம் செய்துவிட்டு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

மறுநாள் போய்ப் பார்த்தால் மண் விலகிக் கிடந்தது. பெருச்சாளி வேலை என்று நினைத்து மறுபடி அணைத்தேன். மறுபடி விலகியது. எதிர் வீட்டு நாயைத் திட்டித் தீர்த்தேன். மண்ணைப் போட்டு மேலே செங்கல்லையும் வைத்தேன். காலையில் அந்தச் செங்கல் சுவரோரமாகப் பதவிசாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கிழங்கைச் சுற்றி மண் விரல்களால் வழித்த மாதிரி இருந்தது. பயந்துபோய் உள்ளே ஓடிவந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. துளசிக்குக்கூட ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாத மனுஷன். அவள் போனதிலிருந்து வேலை விட்டால் டிவி, டிவி விட்டால் படுக்கை. அவள் பெயரை நானும் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை. நான் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பவள். நான் எழுந்திருக்கும்போது அவர் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் ஸ்வாதியின் தோழி ஜெபா என்னைப் பார்க்க வந்தாள். பின்பக்கம் போய்ப் பார்த்தவள் பதறிவிட்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, ஏன் கிழங்க மூடி வெச்சிருக்கீங்க? இதோட முதுகுல வெயில் படணுமாம். மண்ணு போட்டு மூடினா இலை வரும், பூவே வராதாம். ட்ரெயின்ல வரும்போது ஸ்வாதி இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தா."

"என்ன கலரு பூக்கும் கண்ணு?"

"எங்களுக்கும் தெரியாது ஆன்ட்டி. நாங்க போனப்ப அங்க ஒரு பூகூட இல்ல."

அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பயம் போன இடம் தெரியவில்லை. என் மகள்தான் வருகிறாள். 'மூடாதம்மா, மூடாதம்மா' என்று விடியவிடிய மண்ணை வழித்துவிட்டுப் போகிறாள். நான் ஒரு கூறுகெட்டவள், அவள் செடியை அமுக்கி அமுக்கிக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

மூடுவதை நிறுத்தினால் பூக்கும். அது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்திவிட்டால் அவளுக்கு இங்கே என்ன வேலை? எதற்காக வருவாள்? பூவும் வேண்டும், பெண்ணும் வேண்டும் என்றால் நடக்குமா? அன்றைக்கும் மூடினேன். அடுத்த நாளும் மூடினேன். காலையில் மண் விலகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துட்டியாடி தங்கம்" என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு தடவையாவது அவளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. மாத்திரையைப் போடாமல் படுத்தேன். பட்டாபிராம் பக்கம் விடிகாலை முதல் ரயில் போகிற சத்தம் கேட்டது. கூடவே பின்பக்கம் மண் சுரண்டுகிற சத்தம். எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைத் துளி திறந்தேன்.

என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

விரலால் மண்ணை வழித்துக்கொண்டே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "இன்னா கண்ணு, நைனாகிட்ட இன்னும் வெளாட்டா? நான் தொறக்குறேன், நீ மூடுற. முதுவுல வெயில் படணும்னு நீதானே சொன்ன? கொடைய புடிச்சிகினு நின்னேனே, மறந்துட்டியா?" மூக்கை உறிஞ்சினார். "உங்கம்மா இந்தாண்ட வர மாட்டா. சத்தியம் பண்ணிகீறா. நீ வர்றது அவளுக்குத் தெரியாது. பூ வராட்டியும் போவுது, வுடு. நீ மட்டும் வந்துகினே இரு."

'அது நாந்தானுங்க, உங்க மக இல்லீங்க!' என்று கத்த வாய் வந்தது. அவ்வளவு ஆத்திரம். அந்த ஜன்னலோரத்தில் என் மகள் எனக்கு இரண்டாவது தடவை செத்துப்போனாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வரும் சத்தம் கேட்டுப் படுக்கைக்கு ஓடிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். கிளம்பும்போது என்னை எழுப்பி டீ வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் வேலைக்குப் போனதும் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். கிழங்கின்மேல் இளவெயில் விழுந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டுவிட்டால் போதும், என்றைக்காவது பூத்துவிடும். என்ன நிறம் என்று பார்த்துவிடலாம். சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சைக்கிள் திரும்புகிற நேரம் நெருங்கியதும் மண்ணை அள்ளிக் கிழங்கின்மேல் போட்டு மூடினேன். எனக்குத்தான் இனி அவள் வர மாட்டாள். அவருக்காவது வரட்டும்.