ஐந்தாவது சுற்று முடியுமுன்

...கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான், இரும்புதானே, இரும்புக்கு என்ன அழுகை என்று அமான் நினைத்தான், நினைத்ததோடு சரி, கை ஸ்பானர் பக்கமே போகவில்லை. தம்பி மொஹ்சினின் ஜீப் வேங்கிக்காலில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவன் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அவன் போய் ஒரு மாசம் ஆகிறது, டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான், முடிந்துபோயிற்று. மண் போடும்போதுகூட அமானுக்குக் கண் கலங்கவில்லை, வந்தவர்களில் யார் சாப்பிட்டார்கள் யார் சாப்பிடவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தான், கல்நெஞ்சக்காரன் என்று பேசியிருப்பார்கள், பேசட்டும், உள்ளே ஒன்றுமே இல்லாதபோது எதை எடுத்துக் காட்டுவது? கீழ்பென்னாத்தூர் பலராமனின் ஜீப்பில் பின் ஆக்சில் நொறுங்கிவிட்டது. "மல்லாட்ட புடுங்குற நேரங்க பாய், வண்டி இல்லாம கை ஒடிஞ்ச மாரி இருக்குது" என்கிறார் மனுஷன், கடலை மூட்டை ஏற்ற வண்டி வேண்டும், மொஹ்சினுடையதில் இருக்கிற ஆக்சிலைக் கேட்கிறார். மொஹ்சினின் பெண்டாட்டி பிர்தௌஸிடம் கேட்டாயிற்று. புருஷன் போனபின் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருக்கிறாள், புருஷனின் அண்ணன் என்றாலும் முன்னால் வரமாட்டாள், திரைக்குப் பின்னாலிருந்து, "என்ன எதுக்கு கேக்குறீங்க பாய், எடுத்துக்குங்க, வண்டிய வெச்சிகினு நான் என்ன பண்ணப்போறேன்" என்றாள். அப்புறம் என்ன, எடுக்க வேண்டியதுதானே.

ஆனால் சேருமா என்று பார்க்க வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கணக்கில் சுற்றாவிட்டால் ஒன்றை ஒன்று பிய்த்துத் தின்றுவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். பலராமனுடையதில் என்ஜின் பக்கமிருந்து ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேலே கொஞ்சம், இன்னொரு ரகம் ஐந்தைத் தொடாது. அண்ணன் தம்பி வழக்கம் ஒன்று உண்டு... ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, அமான் அடியில் படுத்து ஷாஃப்டைக் கையால் சுற்றி எண்ணுவான், கோடு இரண்டாம் தடவை உச்சிக்கு வந்ததும் வெளியே நின்று மொஹ்சின் கத்துவான், அதுவரை எண்ணியதுதான் கணக்கு, அந்தக் கத்தலில் டீக்கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான், எத்தனை தடவை அமான் திட்டியிருக்கிறான், செவிடனாடா நான் என்று! இப்போது யார் சொல்வது? சக்கரத்துக்கு நேரே பிர்தௌஸின் சமையலறை ஜன்னல். அமான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பிர்தௌஸு, அந்தக் கோடு ரெண்டாந்தபா மேல வந்தா சொல்லும்மா" என்றான். பாத்திரச் சத்தம் நின்றது. "சரிங்க பாய்."

படுத்தான். முதுகில் சிமென்ட் தரை சில்லென்றிருந்தது, கிரீஸ் வாசனை, அதுவும் ஏதோ தூரத்திலிருந்து வருகிற மாதிரி. ஒன்று... பலராமன் சாயந்திரமே வந்து எடுத்துப்போவதாகச் சொன்னார்... இரண்டு... பின் ஆக்சில் போனால் முட்டுக்கட்டை வைத்துத்தான் நிறுத்த வேண்டும், பிறகு கியர்பாக்ஸைக் கேட்பார்கள், பிறகு சீட்டை, மொஹ்சின் உட்கார்ந்து குழிந்துபோன சீட்டு... மூன்று... எதற்கு இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறேன்... நான்கு... ஐந்தாவது இன்னும் முடியவில்லை, "வந்துடுச்சு பாய்" என்று குரல்.

வெளியே வந்து பார்த்தான். கோடு உச்சிக்கு இரண்டு சாண் கீழே நின்றது. குழந்தைக்குக்கூடத் தெரியும், இன்னும் வரவில்லை என்று. "வந்துச்சாம்மா?" என்றான். ஜன்னலில் திரை விழுந்திருந்தது. "வந்துடுச்சு பாய்," என்றாள் மறுபடியும், குரல் உடைந்திருந்தது. அமான் உள்ளங்கையால் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டுப் பலராமனைக் கூப்பிட்டான். "சேராதுங்க, கணக்கு கம்மியா வருது, வேலூர்ல பாத்துக்குங்க." அவர், "இன்னா பாய் இப்டி சொல்றீங்க, உங்களத்தான நம்பிகினு இருந்தேன்" என்றார், பாவம், அவர் என்ன பண்ணுவார். போனை வைத்தான். ஆக்சில் மூடியைக் கழற்றி உள்ளே பற்சக்கரத்தின் பல்லை எண்ணியிருக்கலாமே, ஒருத்தன் போதும், யாரையும் கூப்பிட வேண்டாம், இது தெரியாதா எனக்கு... தெரிந்தும் அவளைத்தானே கூப்பிட்டேன், அவள் எடுத்துக்குங்க என்று சொன்ன பிறகும், ஏன், என்ன சொல்லுவாள் என்று எதிர்பார்த்துக் கூப்பிட்டேன்?