போறது ஆப்ஷனல்

"மாமா, நாளைக்கு எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க நான் போகணும்."

இளைய மருமகள் இதைச் சொன்னதும் அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம்கூட ஒரு நிமிடம் நின்று யோசித்தது. மாமியாரின் கையில் டீ வடிகட்டி அந்தரத்தில் தொங்கியது. மூத்த மருமகள் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டாள். இளையவளின் புருஷனோ, தன் சட்டைப் பித்தானை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறவன் போல ஆராய்ந்தான்.

மாமனார் செய்தித்தாளை மடித்தார். பெரிய அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு கிடைத்தது அலுவலகத்துக்குத்தான் என்று அங்கே பேச்சு.

"நாளைக்கு என் சிநேகிதங்க பட்டாளமே சாப்பிட வருது. ஆனாலும் போறது ஆப்ஷனல்மா. உன் இஷ்டம்."

வேண்டுமென்றால் செய்யலாம், வேண்டாமென்றால் விடலாம் என்று அகராதி அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. அகராதி எழுதியவர் சூப்பிரண்டிடம் வேலை பார்த்ததில்லை. அலுவலகத்தில் இவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு 'வருவது ஆப்ஷனல்' என்று அறிவிப்பு ஒட்டுவார். வராதவனைக் கொசுகூடக் குடியிருக்கப் பயப்படும் கிளைக்குத் தூக்கியடிப்பார். காய்ச்சல்காரர்கள் போர்வையோடு வந்தார்கள். ஒருவர் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். மூத்தவள் ஒருமுறை அந்தச் சொல்லை நம்பித் தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் பேச ஆளில்லை. மழைக்காலம் முழுக்க அவளோடு ஒருவரும் பேசவில்லை. அவள் புருஷன்கூட "டீ ஆறிப்போச்சு" என்று ஃபிரிட்ஜிடம்தான் புகார் சொன்னான். கடைசியில் அவள் கண்ணாடி முன்னால் நின்று, "நான் இருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டாள்.

இளையவளுக்கு இது தெரியும். 'போகல மாமா' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் கடிகாரம் ஓடும், டீ வரும், மாமனார் சிரிப்பார். ஆனால் அம்மா கண்ணில் கட்டோடு, தண்ணீர் டம்ளரைத் தேடிக் காற்றைத் தடவுவது கண்முன் தெரிந்தது.

"அப்ப சரிங்க மாமா. போயிட்டு வரேன்."

மறுநாள் காலையில் இளையவளுக்கு அவசரத்தில் செருப்பு வார் மாட்டவில்லை. மூத்தவள் குனிந்து மாட்டிவிட்டாள்.

"திரும்பிப் பாக்காம போடி. பாத்தா கால் நகராது."

அம்மாவின் கண் கட்டைப் பிரித்த பிறகே இளையவள் வீடு திரும்பினாள். "வந்துட்டேன் மாமா" என்றாள். செய்தித்தாள் அவர் முகத்துக்கு நேரே உயர்ந்தது. "வந்துட்டேங்க" என்றாள் புருஷனிடம். அவன் பித்தானைப் பார்த்தான்.

தொடங்கிவிட்டது. அவள் சமையலறைக்குள் போனாள். மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இவளும் பேசமாட்டாள் என்று இளையவள் நினைத்தபோது, ஹால்வரை கேட்கிற குரலில் வந்தது கேள்வி:

"உங்கம்மாவுக்குக் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

ஹாலில் தாள் படபடத்தது.

"நல்லா தெரியுதாம் அத்தை. என் முகத்தைத்தான் முதல்ல பாத்தாங்க."

மாமியாரின் கத்தி நின்றது.

"எங்கம்மா சாகக் கிடந்தப்பவும் இந்த மனுஷன் ஆப்ஷனல்னுதான் சொன்னாரு. நான் போகல."

"டீ!" என்று ஹாலிலிருந்து அதட்டல் வந்தது. மாமியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. முகத்தைப் பாத்து என்ன சொன்னாங்க உங்கம்மா?"

மூத்தவள் கதவுக்குப் பின்னாலிருந்து முழுசாக வெளியே வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இளைச்சுட்டியேடின்னாங்க, அத்தை."

"டீ கேட்டேன்!"

மூன்று பேரும் ஹால் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை.