புகை போட அனுமதி

எங்கள் அலுவலகத்தில் புகை போட வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே கட்டடப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அவர்கள் வந்து தீ அலாரத்தை நிறுத்தி வைப்பார்கள். பல்கலைக்கழகம் பூர்வகுடி மாணவர்களுக்காகவே திறந்த அலுவலகம் இது. சுவரில் எங்கள் கிரீ மொழியில் ஆளுயர எழுத்தில் வரவேற்பெல்லாம் உண்டு. மனசிலிருக்கும் அழுக்கைப் போக்கும் புகைக்காக ஒரு பிடி சேஜ் இலையைக் கொளுத்த மட்டும் மனுப் போட வேண்டும். அந்த மனுக்களை எழுதுவதுதான் என் உத்தியோகம்.

அன்று காலை கோல்பி கதவை உதைத்துக்கொண்டு வந்தான். இங்கே படிப்பவன், எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கிய ரிசர்வில் என் ஊர்க்காரன். அவன் அண்ணன் லாயலை நகரத்தில் எவனோ குத்திக் கொன்றிருந்தான். மறுநாள் ஊரில் அடக்கம்.

"வெர்னா அத்தை, உன் வண்டிச் சாவியக் குடு. குத்துனவன் எங்க ஒளிஞ்சிருக்கான்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பில் மான் உரிக்கும் கத்தி.

"உங்கம்மா இன்னொரு சவப்பெட்டியும் பாக்கணுமா? குடுடா அத."

கொடுக்கவில்லை. ஓங்கி ஒரு அறை விட்டேன். கத்தியை மேசையில் போட்டுவிட்டுக் குழந்தைமாதிரி அழுதான்.

"நாளைக்குப் பெட்டி தூக்குற ஆறு பேர்ல நீ ஒருத்தன். கோவத்தோட பெட்டியத் தொடக் கூடாது. நம்ம வீட்டுல அது எவ்வளவு பெரிய தப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா கோவம் போகமாட்டேங்குதே அத்தை."

கட்டடப் பிரிவுக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாள் முன்னாடியே சொல்லணும் மேடம்" என்றது ஒரு குரல்.

"சாவு சொல்லிட்டா வருது?" என்று கேட்டுப் போனை வைத்தேன்.

இரும்புச் சட்டியில் இலையைப் போட்டுக் கொளுத்தினேன். கோல்பி தரையில் உட்கார்ந்து இரு கைகளாலும் புகையை அள்ளி முகத்தில் பூசினான், நெஞ்சில் பூசினான். இறுகிக் கிடந்த தோள் மெல்லத் தளர்ந்தது. அலாரம் அலறியது அப்போதுதான்.

ஓடிவந்தவன் காவலாளி கிரெய்க். தினமும் காலையில் நான் சுடும் பேனக் ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுவிட்டுப் போகிறவன்.

"அணைங்க அத!"

"ஒரு நிமிஷம் பொறு கிரெய்க். பையனோட அண்ணன் செத்துட்டான்."

அவன் பொறுக்கவில்லை. சட்டியை எட்டி உதைத்தான். தரையில் சிதறிய இலையைப் பொறுக்க கோல்பி எழுந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. கிரெய்க் அவன் பிடரியைப் பிடித்து என் மேசையில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்து தேநீர்க் கோப்பைகளெல்லாம் ரத்தம். முதுகில் முழங்காலை ஊன்றி, வலது கையைப் பின்னால் முறுக்கி மேலே மேலே இழுத்தான். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது.

"விடுடா! கை போச்சுடா!" என்று கத்தினேன்.

விடவில்லை. கோல்பி ஓலமிட்டான். தரையில் கிடந்த சட்டியை எடுத்து கிரெய்க்கின் காதோரம் அடித்தேன். சூட்டில் என் உள்ளங்கை பொசுங்கியது. விழுந்தான். இன்னொன்றும் போட்டேன். இரண்டாவது அடி அநாவசியம் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். எனக்கு அது அவசியமாக இருந்தது.

என்மேல் வழக்குப் போட்டு சாயங்காலம் வெளியே விட்டார்கள். அதற்குள் வேலை போய்விட்டது. கிரெய்க்குக்கு ஏழெட்டுத் தையலாம். மாவுக்கட்டுப் போட்ட கோல்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

ஊரில் புகை போட யாரையும் கேட்க வேண்டாம். இரண்டு தடவை அள்ளி அள்ளிப் பூசினேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது இடத்தில் கோல்பி இடது கையை நீட்டினான். கால் தள்ளாடியது. நான் போய் அவனை விலக்கினேன்.

"அத்தை, உன் கோவம் போயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப தொடக் கூடாதே."

"தெரியும். நகரு."

வெந்த கையால் பிடியைப் பற்றித் தூக்கினேன். லாயல் கனத்தான்.