மூடிய கை

அப்பாவின் இடது கட்டை விரலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் மகள். பதிவாளர் மைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அப்பாவுக்கு வலது பக்கம் வாதத்தில் போய் நான்கு வருடம் ஆகிறது. பேச்சும் அதோடு போய்விட்டது. இனி ஒன்றிரண்டு நாள்தான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

பதிவாளரை வீட்டுக்கே இழுத்து வந்தவர் கண்டக்டர் மாமா. அப்பா பஸ் ஓட்டிய காலம் முழுக்க அதே பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பென்ஷன் ஆபீசில் அவர் விசாரித்து வந்த சேதி இதுதான்: மனைவி என்றால் அப்பாவுக்குப் பிறகு பாதி பென்ஷன் வரும். விவாகரத்தானவள் என்றால் சல்லிக்காசு கிடையாது. அம்மா விவாகரத்தானவள். வாதம் வந்த நாளிலிருந்து அவருக்கு மலமும் மூத்திரமும் எடுத்தவள் என்பதெல்லாம் அந்த ஆபீசில் எடுபடாது. உயிர் இருக்கும்போதே மறுபடி கல்யாணத்தைப் பதிந்துவிட்டால் போதும்.

"கடைசி ஸ்டாப் வர்றதுக்குள்ள டிக்கெட் எடுத்துரணும்மா," என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

மகளுக்கும் இதில் சுயநலம் இருந்தது. அவளுடையது இரண்டு அறை வாடகை வீடு. நாளைக்குப் பென்ஷனும் இல்லாமல் அம்மா வந்து நின்றால் எங்கே படுக்கவைப்பது என்ற யோசனையிலேயே வாரக்கணக்காகத் தூக்கம் கெட்டிருந்தது. அப்படி யோசிப்பது வெட்கமாக இருந்தது. வெட்கப்படக்கூடத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

அம்மா அறை வாசலில் பால் டம்ளரோடு நின்றாள். பதிவாளர் சம்மதமா என்று கேட்டார்.

"முதல்ல அவரு கையை நீட்டட்டும்."

அதையே சம்மதமாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா நீட்டவில்லை. விரல்களை மடக்கி மூடிக்கொண்டார். புரியவில்லை போலும் என்று மகள் காதருகில் குனிந்து விளக்கினாள். கை இன்னும் இறுகியது. விரல் விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. பலவந்தமாக வாங்கினால் செல்லாது என்று சொல்லி பதிவாளர் மைப்பெட்டியை மூடினார். மாமா தலையில் அடித்துக்கொண்டு அவரை வழியனுப்பப் போனார். மகளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருந்தபோதும் பிடிவாதம், போகும்போதும் பிடிவாதம்.

வெயில் தாழும் முன்பே அப்பா போய்விட்டார். அழுகை வந்தது. அதைவிட, எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அம்மா படுக்கை விரிப்புகளை வாளியில் முக்கினாள். மகளால் அடக்க முடியவில்லை.

"ஒரு கைநாட்டு வெச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் அந்த மனுஷனுக்கு?"

"நான்தான் வைக்க வேணாம்னு சொன்னேன்," என்றாள் அம்மா. "முந்தின ராத்திரி, பால் குடுக்கும்போது."

மகள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அடி தாங்காம, வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்து வாங்கின தீர்ப்புடி அது. எனக்குன்னு நான் வாங்கினது அது ஒண்ணுதான்." அம்மா விரிப்பைத் திருப்பி அமுக்கினாள். "ஆயுசுக்கும் நான் சொன்னது எதையும் அவரு கேட்டதில்ல. இதைக் கேட்டாரு."

"அப்புறம் எதுக்கு வந்து அவரைப் பாத்துக்கிட்டே?"

"வேற யாரு பாத்துக்குவா? நீயா?"

மகள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அம்மா தலைவாரி, துணிப்பையோடு கிளம்பி நின்றாள். அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம். அவருடைய மருமகள் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாளாம்.

"இதே வேலைதான். அங்க சம்பளம் தர்றாங்க," என்றாள் அம்மா. பிறகு, மகளின் முகத்தைப் பார்க்காமல், "படுக்க இடமும் இருக்காம்," என்றாள்.

மகள் பையை வாங்கிக்கொண்டாள். தெருமுனை வரை கூடவே நடந்தாள்.