கடைசி நட்டு

பால்பாண்டிக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டினாலும் எல்லா நட்டையும் இறுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் விரலால் திருகி அப்படியே விட்டுவைப்பான். ஸ்பானரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியோடு பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் போய் நிற்பான். அங்கே தேங்காய் உடைந்த பிறகுதான் அந்தக் கடைசி நட்டுக்கு முறுக்கு.

"இது என்னடே கூத்து?" என்று கரமனை ஒர்க்‌ஷாப் முதலாளி ஆறுமுகசாமி கேட்காத நாளில்லை.

"நம்ம கை பட்டுப் போன வண்டி எதாவது இதுவரைக்கும் மக்கர் பண்ணித் திரும்பி வந்துச்சா மொதலாளி?" என்பான். வந்ததில்லை. அதனால் அவரும் வாயைப் பொத்திக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஒரு சின்ன வண்டி வந்தது. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டே சீட்டு, கதவு கிடையாது, தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூடு, பின்னால் தேயிலைக் கொழுந்துச் சாக்கு போட ஒரு தொட்டி. எஸ்டேட் துரை எங்கேயோ சொல்லிவைத்துக் கப்பலில் வரவழைத்தது. அதை ரோட்டில் ஓட்டலாமா கூடாதா என்று போலீஸ்காரனுக்கே தெரியாது. காட்டுப் பாதையில் சாக்கு ஏற்றினால் அடிவயிறு கல்லில் தட்டுகிறது, அதுதான் கோளாறு. பால்பாண்டி பழைய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றி எறிந்தான். கனத்த கம்பியில் சுருள் ஸ்பிரிங் சுற்றவைத்து, நீளமான ஷாக் தேடிப் பிடித்து, அது உட்காரப் புதுசாகத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தான். வண்டி ஒரு சாண் உயர்ந்து கம்பீரமாக நின்றது. கல்லில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அவனே கைதட்டிக்கொண்டான். முன் இடது ஷாக்கின் கீழ் போல்ட்டில் மட்டும் நட்டு விரல் முறுக்கோடு நின்றது.

அங்கேதான் வந்தது வினை. அம்பாசமுத்திரத்தில் அவன் சித்தப்பா செத்துப் பதினாறு இன்னும் கழியவில்லை. தீட்டோடு கோயில் வாசலை மிதிப்பானா? துரையோ அன்றைக்கே வண்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். கடைசியில் எஸ்டேட் டிரைவர் சத்தியநேசன் கையிலேயே தேங்காயைக் கொடுத்தான். சத்தியநேசன் சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் மலை ஏறுகிற வண்டி என்றால் பிள்ளையாரை விடமாட்டார்.

"அண்ணாச்சி, தேங்கா உடைச்சதும் இங்கயே திரும்பி வந்துட்டுப் போங்க, கேட்டேளா?"

"எதுக்குடே?"

பால்பாண்டி வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். தேங்காய் உடையும் முன்னால் நட்டு லூஸ் என்று சொல்லலாமா? சொன்னால் அதுவே அபசகுனம். "சும்மா, ஒரு சாயா குடிச்சுட்டுப் போலாம்" என்றான். அட மடையா! சாயாவுக்காக எவன் பிள்ளையார் கோயில் இருக்கிற கோட்டையிலிருந்து கரமனைக்குத் திரும்பி வருவான்?

சத்தியநேசன் கிளம்பும்போது பால்பாண்டி இன்னொன்றும் சொன்னான். தன் மனைவி இசக்கிசெல்வியின் அம்மா எஸ்டேட் லயத்து வீட்டில் காய்ச்சலில் கிடக்கிறாள், பஸ்ஸோ அத்தி பூத்தாற்போலத்தான் வரும். இசக்கி நாலு வயசு மகள் ஷிஜாவோடு பேரூர்க்கடையில் நிற்பாள், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றான். வண்டி இங்கே வந்துவிட்டுத்தானே அங்கே போகும் என்பது அவன் கணக்கு.

மத்தியானம் சாப்பிட்டு ஏப்பம் விட்டபோதும் வண்டி வரவில்லை. பிள்ளையார் நடையில் கூட்டம் போல என்று நினைத்துக்கொண்டான். அப்போது ஆறுமுகசாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"பாண்டி, உம் பொண்டாட்டி நெடுமங்காடு போன் பூத்துலேர்ந்து விளிச்சா. வண்டி மெத்தையில இருக்க மாதிரி போகுதாம். புள்ளைக்கு ஒரே குஷியாம்."

பெஞ்சு மேல் ஸ்பானர் கிடந்தது. வண்டி இங்கே வராமலே மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பால்பாண்டி பூத்துக்குத் திருப்பி விளித்தான். அவர்கள் போயாச்சு என்றார்கள். சத்தியநேசனின் மொபைலுக்கு அடித்தான். ஒரு பெண் குரல், ஆள் பரிதிக்குப் புறத்தாணு, தொடர்பு எல்லைக்கு வெளியே, என்று மலையாளத்தில் நிதானமாகச் சொன்னது. திரும்ப அடித்தான். அதே நிதானம்.

"மொதலாளி, உங்க பைக்கு!" சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்பானரும் புது நட்டு ஒன்றுமாகப் பாய்ந்தான்.

தார் ரோட்டில் அந்த நட்டு தாங்கும். தாங்கும், தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனான். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கினால் தாங்காது. நட்டு கழன்று போல்ட் நழுவினால் ஷாக் விடுபட்டுவிடும், முன் சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி இடது பக்கம் இழுக்கும். இடது பக்கம் என்ன இருக்கும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. மழை ஊசியாகக் கண்ணில் குத்தியது.

விதுரையில் ஒரு சாயாக்கடைக்காரர் அந்த வண்டியைப் பார்த்திருந்தார். "இப்பத்தான் போச்சு. முன்னால டக் டக்னு ஒரு சத்தம் கேட்டுது, ஓட்டினவர்கிட்ட பறஞ்சேன். புது ஸ்பிரிங் அப்படித்தான் இருக்கும், வேலை செஞ்சவன் கெட்டிக்காரன்னு அந்த டிரைவர் சிரிச்சாரு."

கெட்டிக்காரன்! பால்பாண்டிக்குத் தன்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது. பிள்ளையாரே, என் கையை வேண்டுமானால் எடுத்துக்கொள், அதுகளை விட்டுவிடு என்று வாய்விட்டு அழுதுகொண்டே வளைவுகளில் ஏறினான். மூடுபனி இறங்கியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தோரப் பக்கக்கட்டை உடைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தான்.

ஒரு வளைவில் சிவப்பு விளக்கு தெரிந்தது. ஹாரனை அமுக்கினான். மழைச் சத்தத்தில் ஒன்றும் எட்டவில்லை. அம்மா தோளுக்கு மேலாகப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஷிஜா மட்டும் அப்பாவைக் கண்டுவிட்டாள். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், சிரித்தாள். முன் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளாடுவது இவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

மலைச்சுவரை உரசியபடி முந்திப் போய், பைக்கைக் குறுக்கே நிறுத்திக் கைகளை விரித்தான். சத்தியநேசன் அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தியது. 'டங்' என்று ஒரு சத்தம். இடது சக்கரம் உள்ளே மடங்க, வண்டி பக்கக்கட்டையில் போய்ச் சாய்ந்து நின்றது. கட்டைக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைப் பனி.

"லேய், கிறுக்கா! கொல்லப் பாக்குதியா?"

பால்பாண்டி ஓடிவந்து இசக்கியின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி முகமெல்லாம் முத்தமிட்டான். பிறகு ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, தொங்கின போல்ட்டைத் துளையில் சேர்த்து, புது நட்டைப் போட்டு, முழுப்பலத்தோடு இறுக்கினான்.

இசக்கி குடைகூடப் பிடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தக் கடைசி நட்டுக் கதை தெரியும்.

"அண்ணாச்சி கிட்ட சொன்னீங்களா?"

"திரும்பி வரச் சொன்னேன்."

"எதுக்குன்னு சொன்னீங்களா?"

"தேங்கா உடைக்கிறதுக்கு முன்னால அத எப்படி வாயால..."

"நாங்க ஏறப்போற வண்டின்னு தெரியும்லா?"

அவன் ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டான். சத்தியநேசன்கூட வேறு பக்கம் பார்த்தார்.

"இப்ப நல்லா முறுக்கிட்டேன் இசக்கி. இனி ஒண்ணும் ஆவாது. சத்தியமா" என்றான்.

"செரி. அப்போ நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றவள், அவன் கையிலிருந்து ஷிஜாவை வாங்கினாள். "அண்ணாச்சி, புள்ளைய நீங்க பைக்குல கூட்டிட்டு வாங்க."

ஷிஜா அப்பாவோடுதான் வருவேன் என்று காலை உதைத்து அழுதது. இசக்கி அதைச் சத்தியநேசனின் முன்னால் உட்காரவைத்து, முந்தானையால் தலையைத் துடைத்து, தொட்டியில் கிடந்த சாக்கை மடித்துத் தலையில் போட்டுவிட்டாள். பிறகு வந்து புருஷன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பால்பாண்டி வண்டியைக் கிளப்பினான். ஸ்பிரிங் ஒவ்வொரு குழியையும் மெத்தென்று வாங்கிக்கொண்டது. எங்கும் ஒரு சத்தம் இல்லை. இசக்கி இரும்புக் குழாயை இறுகப் பிடித்தபடி, முன்னால் போகிற பைக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.